அடியார்க்குநல்லாரும் கலைஞர் கல்வியும்

கலை பயில்வோர் தத்தம் கலையை மட்டும் கற்றாற் போதுமா, அன்றி மொழி, இலக்கியம், வரலாறு முதலிய பிற துறைகளையும் கற்றல் வேண்டுமா என்னும் வினா இன்று புதிதாக எழுந்ததன்று. கோவை நகரிலும் அதனைச் சூழ்ந்த கொங்குநாட்டு ஊர்களிலும் உள்ள கல்லூரிகள் பலவற்றில் காட்சித் தொடர்பியல் முதலிய ஊடகத் துறைகள் பட்ட வகுப்புப் பாடங்களாக உள்ளன. அவற்றைப் பயில்வோருள் பெரும்பாலோர் பகுதி 1 என்னும் நிலையில் தமிழும் பயில்கின்றனர். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் கற்க வந்தவர்க்குச் சிலப்பதிகாரம் எற்றுக்கு என வினவுவார் உளர். அவ்வினாவிற்குக் கொங்குநாட்டு வரலாறே விடை தருமாற்றை ஈண்டுக் காண்போம்.

அரங்கேற்று காதை வகுக்கும் கல்வி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி 7 ஆண்டுகள் பயின்று, தன் 12ஆம் அகவையில் அரங்கேறிய வரலாற்றைக் கூறுகின்றது. அவள் ஆடலைக் கூறுமுன், அவ்வாடலுக்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றார். கலைஞர்க்குரிய பாடத்திட்டம் ஒன்று தமிழில் உண்டெனின், அது இதுவே எனலாம்.

இத்தகுதிகளுள் ஒன்று தனித்து மனங்கொளத் தக்கது. அறுவருள் எவரும் தம் கலை ஒன்றனையே அறிந்தவராகக் காட்டப்படவில்லை. ஆடலாசிரியன் கூத்தின் இலக்கணத்தோடு பாட்டும் கொட்டும் அறிந்திருத்தல் வேண்டும். இசையாசிரியன் புலவனது கருத்தை உணரவல்லனாதல் வேண்டும். புலவனோ தமிழ் முழுவதும் அறிந்ததனோடு அமையாது, நாடக நூலும் கற்று, இசையாசிரியன் வகுத்த நெறியையும் உணர்ந்து பாட்டமைத்தல் வேண்டும். இவற்றினும் வியத்தற்குரியது தண்ணுமையாசிரியனுக்கு வகுத்த தகுதியாகும். அவன் அறிய வேண்டியவற்றுள் ஆடல், பாடல், இசை என்பவற்றை அடுத்துத் தமிழும் எண்ணப்படுகின்றது. முழவு கொட்டுபவனுக்குத் தமிழ் எற்றுக்கு? சொல்லின் பொருளும் நடையும் அறியாதவன், எவ்விடத்து ஒலியை மிகுத்தல் வேண்டும், எவ்விடத்து அடக்குதல் வேண்டும் என்று அறியமாட்டான் என்பதே இதன் கருத்தாதல் வேண்டும்.

கருவி நுட்பத்தை இளங்கோவடிகள் புறக்கணித்தாரும் அல்லர். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், குறட்டின் உயரம் 1 கோல் என அளவு கூறுகின்றார். மூவகை எழினிகளைச் சுட்டுகின்றார். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தும் முறையையும் குறிக்கின்றார். இன்றைய ஒளியமைப்பாளர் முதற்கண் கற்கும் பாடமும் இதனின் வேறன்று. ஆகவே நுட்பப் பயிற்சியும் நூற்பயிற்சியும் தம்முள் மாறுபட்டவை அல்ல. ஒரே காதையில் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டவை.

உரையாசிரியரின் பல்துறைப் புலமை

இக்காதையை நமக்கு விளங்க வைத்தவர் அடியார்க்குநல்லார். இவர் நிரம்பை என்னும் ஊரினர். கொங்குநாட்டவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. இவரைப் புரந்தவன் பொப்பண்ண காங்கேயன் என்னும் தலைவன். உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்த பின்னரே, பண்டைத் தமிழரின் இசை, நாடக மரபுகள் ஆராய்ச்சி உலகிற்குப் பெரிதும் புலனாயின.

தம் காலத்திலேயே பழைய இசை, நாடக நூல்கள் பல இறந்துபட்டன என்று அடியார்க்குநல்லார் குறிக்கின்றார். எஞ்சியவற்றுள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் என்னும் ஐந்தனையும் துணைக்கொண்டு உரை வகுக்கின்றார். இவற்றுள் பஞ்சமரபு, கொங்குநாட்டுப் புலவர் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் 1970களில் அச்சேறியது. கூத்தின் வகை, பண்ணின் பிறப்பு, கைகளின் அமைதி ஆகியவற்றை விளக்கும் அதே உரை, இலக்கண நுட்பங்களையும் வானநூற் கணிப்பையும் எடுத்தாள்கின்றது. அக்கணிப்பைப் பற்றிக்கொண்டு எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை காப்பிய நிகழ்ச்சியின் காலத்தை வரையறுக்க முயன்றார். அம்முடிவை அறிஞர் பலர் ஏற்றிலர். எனினும், உரையாசிரியரின் புலமைப் பரப்பிற்கு அது சான்றாகின்றது.

ஈண்டு ஒரு தடை எழலாம். அரங்கேற்று காதை வேண்டுவன அனைத்தும் ஆடலோடு இயைந்த கலைகளே. வரலாறும் வானநூலும் அதிற் கூறப்படவில்லையே எனின், அது உண்மையே. ஆடுதற்கு அண்டைக் கலைகளின் அறிவு போதுமாயிருக்கலாம். ஆனால், ஆடும் மரபு அற்றுப்போன பின்னர் அதனை மீட்டு உரைத்தற்கு அவ்வறிவு மட்டும் போதாது. அரங்கும் எழினியும் அழிந்தன, ஆடினார் மறைந்தனர். பல துறை கற்ற ஒருவர் எழுதி வைத்த உரையே எஞ்சியது. அதுவும் நூல் முழுமைக்கும் கிடைத்திலது. இசைப்பாடல்கள் மிக்க கானல்வரிக்கு அவருரை கிடையாமையால் நாம் இழந்தது பெரிது. பின்னாளில் விபுலாநந்த அடிகள் அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அவ்வாராய்ச்சிக்குத் துணைசெய்தவற்றுள் அவர் கற்ற அறிவியலும் கணக்கும் அடங்கும்.

இருபதாம் நூற்றாண்டுச் சான்றுகள்

இம்மரபு கொங்குநாட்டில் முன்னாளோடு முடிந்துவிடவில்லை. ஈரோட்டை அடுத்த பகுதியிற் பிறந்த பெரியசாமித் தூரன் (1908–1987) பட்ட வகுப்பிற் பயின்றது கணிதம். கோவையில் தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் அவர் ஆசிரியப் பணி புரிந்தார். இசைப்பாடல்கள் இயற்றினார், நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார், பாரதியாரின் எழுத்துகளைத் தேடித் தொகுத்தார். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் அவரே. பல துறை அறிஞர்களின் கட்டுரைகளை ஒரு நடைக்கும் ஒரு முறைக்கும் கொணரும் அப்பணி, ஒரு துறை மட்டும் அறிந்தாரால் ஆற்றற்பாலதன்று.

திரைத்துறையிலும் இதற்குச் சான்றுண்டு. ஒருகாலத்தில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் கோவையைத் தென்னாட்டுத் திரைப்படத் தொழிலின் ஒரு நடுவிடமாக்கின. எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜாவின் சார்பில் 1954இல் எடுத்த ‘மலைக்கள்ளன்’, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதே கதை தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் என 6 மொழிகளில் படமாயிற்று. அக்கதையை எழுதிய நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஓவியர். விடுதலைப் போராட்டத்திற் சிறை சென்றவர். உரையாடல் எழுதிய மு. கருணாநிதி கல்லூரியிற் பயின்றவரல்லர். எனினும் பழந்தமிழ் இலக்கியத்தில் ஈடுபாடுடையவர். 1964இல் வெளிவந்த ‘பூம்புகார்’ படத்தில் சிலப்பதிகாரக் கதையையே அவர் திரைக்கு ஆக்கினார். ஆதலின் ஈண்டு வற்புறுத்தப்படுவது பட்டம் அன்று, படிப்பே. பட்டம் பெறாதாரும் பல்துறைக் கல்வி பெறலாம். அஃதின்றியே பட்டம் பெறுவாரும் உளர்.

இன்று அவ்விரு படப்பிடிப்பு நிலையங்களும் இயங்கவில்லை. அவற்றிற் பயன்பட்ட படச்சுருளும் ஒளிப்பதிவுக் கருவியும் வழக்கொழிந்தன. இன்று மாணவர் கையாளும் கருவியும் அவ்வாறே மாறும். கதையும் சொல்லும் மக்கள் வாழ்வை உணரும் அறிவும் ஒரு கருவியோடு பிறந்து அதனோடு மறைவன அல்ல.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, கலைஞன் தன் கலைக்கு அப்பாலும் கற்றல் வேண்டும் என்பது பிறநாட்டினின்று இரவலாகப் பெற்ற கொள்கையன்று. தமிழ் மரபில் வேரூன்றியது. மற்றொன்று, அக்கல்வியைக் கற்பிக்கும் முறையும் அம்மரபினின்றே பெறத்தக்கது. சொற்பொருள் கூறித் தேர்விற்கு ஆயத்தஞ்செய்யும் அளவில் அரங்கேற்று காதையைக் கற்பித்தால், ஊடக மாணவர் அதனைச் சுமையென்றே கருதுவர். அது அவர் குற்றமாகாது. விளக்கு நிறுத்தும் முறையைக் கூறுமிடத்தை ஒளியமைப்புப் பாடத்தோடும், புலவனும் இசையாசிரியனும் ஒருவர் நெறியை மற்றவர் உணர்ந்து செயற்படும் இடத்தைத் திரைக்கதைப் பாடத்தோடும் இயைத்துக் கற்பித்தல் தமிழாசிரியர் கடன். அதற்குத் தமிழாசிரியரும் தம் துறையின் எல்லையைக் கடந்து கற்றல் வேண்டும். அடியார்க்குநல்லார் செய்தது அதுவே.