கிரிஃபித் ஒப்பிய தாள்

1921 ஜூலை 11 அன்று நடைமுறைக்கு வந்த போர்நிறுத்தம், அயர்லாந்தில் இரண்டரை ஆண்டுகளாக நீடித்த கரந்தடிப் போரை நிறுத்தியதே தவிர, அப்போருக்குக் காரணமான சிக்கல்கள் எதையும் தீர்த்துவைக்கவில்லை. அம்மாதமே லண்டன் சென்று பிரதமர் லாயிட் ஜார்ஜுடன் பேசித் திரும்பியிருந்த ஐரிஷ் தரப்பின் தலைவர் டி வலேரா, அக்டோபர் 11 அன்று முறையான பேச்சுவார்த்தை தொடங்கியபோது டப்ளினிலேயே தங்கிவிட்டு, ஆர்தர் கிரிஃபித் தலைமையில் மைக்கேல் காலின்ஸ் உள்ளிட்ட ஐவரை அனுப்பினார். உடன்படிக்கையைச் செய்துமுடிக்கும் முழு அதிகாரத்தை நியமனப் பத்திரம் அவர்களுக்கு வழங்க, உடன் தரப்பட்ட அறிவுறுத்தலோ கையெழுத்திடுவதற்கு முன் வரைவை டப்ளினுக்கு அனுப்பி மறுமொழி பெறவேண்டும் எனப் பணித்தது. பின்னாளில் எழுந்த பூசலில் இரு தரப்பும் இவற்றில் தத்தமக்கு உகந்ததையே சான்று காட்டின.

முரண்பட்டவை முக்கியமாக இரண்டு: பிரிட்டிஷ் மன்னருக்கு அயர்லாந்தில் எந்த இடம் என்பது ஒன்று, புராட்டஸ்டன்ட்டுகள் பெரும்பான்மையாக வாழ்ந்த, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியே பிரிக்கப்பட்ட வடக்கின் ஆறு மாவட்டங்கள் மற்றொன்று. முதலாவதற்கு டி வலேரா கண்ட வழி ‘புற இணைப்பு’, அதாவது அயர்லாந்து உள்நாட்டில் குடியரசாக இருந்துகொண்டு, பொது விவகாரங்களில் மட்டும் பேரரசு நாடுகளோடு சேர்ந்து நிற்பது. பேச்சு முறிவதாயின் அது மன்னர் விவகாரத்தில் அன்றி வடக்கின் விவகாரத்திலேயே முறியவேண்டும் என்பது ஐரிஷ் தரப்பின் உத்தி. ஆறு மாவட்டங்களின் பொருட்டு மீண்டும் போர் தொடுப்பதைப் பிரிட்டிஷ் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்ற கணிப்பு அதன் அடிப்படையாக இருந்தது.

அந்த உத்தி நவம்பர் நடுவிலேயே பயனற்றுப்போனது. வடக்கு அரசு ஒன்றுபட்ட அயர்லாந்தில் சேர மறுத்தால், மக்களின் விருப்பத்தையொட்டி எல்லையைத் திருத்தி வரைய ஓர் எல்லை ஆணையம் அமைக்கப்படும் என்ற யோசனையை லாயிட் ஜார்ஜ் முன்வைத்து, தம் கூட்டணியிலிருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் மாநாட்டை அவர் சமாளித்து முடிக்கும்வரை அதை எதிர்ப்பதில்லை என்ற உறுதியைக் கிரிஃபித்திடம் பெற்றார். மறுநாள் பிரதமரின் உதவியாளர் டாம் ஜோன்ஸ் எழுத்தில் காட்டிய குறிப்பையும் கிரிஃபித் ஒப்பினார். தற்காலிக இசைவு என அவர் கருதியது நிலையான வாக்குறுதியாக எண்ணப்பட்டது; சகாக்களிடம் அவர் அதை விளக்கிச் சொல்லியிருக்கவும் இல்லை.

டிசம்பர் 5 அன்று கிரிஃபித் வடக்கின் பெயரால் பேச்சை முறிக்க முனைந்தபோது, லாயிட் ஜார்ஜ் அத்தாளை எடுத்துக்காட்டினார். மூன்று நாட்களுக்குள் போர் என்று அவர் அடுத்து விடுத்த மிரட்டலே பெரிதும் பேசப்படுகிறது. எனினும், முறித்துக்கொள்ளத்தக்க காரணம் கைநழுவிய பின் வந்ததாலேயே அது பலித்தது எனலாம். டப்ளினைக் கலந்துகொள்ளாமலேயே, டிசம்பர் 6 அதிகாலையில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

ஐரிஷ் நாடாளுமன்றமான டாயில் 1922 ஜனவரி 7 அன்று 64க்கு 57 என்ற வாக்குகளில் அதற்கு ஒப்புதல் அளித்தது. அங்கு நடந்த நீண்ட விவாதத்தில் மன்னருக்கான விசுவாசப் பிரமாணமே முதன்மை பெற, பிரிவினை சிறிதளவே பேசப்பட்டது. பலரும் எல்லை ஆணையத்தை நம்பியிருந்தனர். அவ்வாணையத்தின் அறிக்கை வெளியிடப்படாமலே ஒதுக்கப்பட்டு, 1925 டிசம்பரில் பழைய எல்லையே உறுதிசெய்யப்பட்டது.