உத்திரமேரூர் வாரியமும் உறவினர் விலக்கும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இவை குடவோலை முறைக்குப் பெயர் பெற்றவை. ஆனால் ஒருவனைப் பதவிக்கு ஏற்ற மனிதனாக ஊர் எவ்வாறு வடித்தெடுத்தது என்பதையும் இவற்றில் காணலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஓலையில் பெயர் எழுதப்பட, கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். வயது வரம்பு முதலில் 30 முதல் 60. இரண்டே ஆண்டில் 35 முதல் 70 ஆயிற்று. பதவிக்காலம் 360 நாள்.

கணக்குக் காட்டாதவன் விதிதான் கடுமையானது. அவன் மட்டுமல்ல, தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மருமகன், அத்தை மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் வரை எவர் பெயரும் குடத்தில் இடப்படாது. ஒருவன் தவறினால் சுற்றமே தகுதியிழக்கும். ஆகவே அவனைக் கண்காணிக்கச் சபை தனியே ஆள் வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மாமனாரும் மைத்துனனும் இருந்தனர்.

ஓலையை வாங்கும் மத்தியஸ்தனுக்கும் கட்டுப்பாடு உண்டு. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை அவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். நேர்மையானவனாயினும் அப்படித்தான்.

இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அங்கு உழுதவர்களின் பெயரோ பெண்களின் பெயரோ குடத்துக்கு வரவில்லை.