சட்டத்துக்கு அடங்காத கிழவி

நத்தார் என்றால் எங்களுக்கு நினைவில் வருவது வெள்ளைத் தாடித் தாத்தா. இத்தாலியப் பிள்ளைகளுக்கு அவர் போன பிறகும் ஒருவர் பாக்கி இருக்கிறார். ஜனவரி 5 இரவு அவர்கள் பெஃபானா என்ற கிழவிக்காகக் காலுறை தொங்கவிடுவார்கள். கிழிந்த சால்வையோடு விளக்குமாற்றில் பறந்து வருவாள். நல்ல பிள்ளைக்கு இனிப்பு, குழப்படிக்காரருக்குக் கரித்துண்டு. இன்று கடையில் விற்கும் அந்தக் 'கரி'கூடச் சீனியில் செய்ததுதான்!

மறுநாள் ஜனவரி 6, ஞானிகள் குழந்தை யேசுவைக் கண்ட திருநாள். இத்தாலிய மொழியில் அது எபிஃபானியா. அந்தச் சொல்தான் மக்கள் வாயில் பெஃபானாவாக மாறியது.

பைபிளில் இவள் இல்லை. ஆனால் ஊர்க்கதையில் இருக்கிறாள். ஞானிகள் இவளையும் கூட வரச்சொல்லிக் கேட்டார்களாம். வீட்டுவேலை இருக்கிறதென்று மறுத்துவிட்டாள். பிறகு மனம் கேளாமல் இனிப்புகளோடு புறப்பட்டாள், அவர்களைப் பிடிக்க முடியவில்லை. எந்த வீட்டில் அந்தக் குழந்தை இருக்குமோ என்று இன்றும் வீடு வீடாகப் போகிறாளாம்.

எனக்கு இவளைப் பிடிக்கக் காரணம் இந்தக் கதை மட்டுமல்ல. அரசாங்கம் இரண்டு முறை இவள் மேல் கைவைத்தது. 1928இல் முசோலினியின் பாசிச ஆட்சி, 'பாசிச பெஃபானா' என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. கொடுத்தது கட்சி என்று பிள்ளைகள் நினைக்கவேண்டும், அதுதான் நோக்கம். அந்த ஆட்சி வீழ்ந்தது, கிழவி நின்றாள்.

பிறகு 1977இல், வேலைநாட்களைக் கூட்டுவதற்காகச் சில திருநாள் விடுமுறைகளைச் சட்டம் நீக்கியது. அதில் ஜனவரி 6உம் போனது. பிள்ளைகள் காலுறை தொங்கவிடுவதை நிறுத்தவில்லை. 1985 டிசம்பரில் வந்த ஆணை விடுமுறையைத் திருப்பிக் கொடுத்தது.

விடுமுறை இல்லாத நாளிலும் பொங்கல் பானை வைக்கும் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இது புதிதாக இருக்காது. பண்டிகையை நாட்காட்டியில் போடுவதும் எடுப்பதும் அரசின் வேலை. அதைச் செய்வதா விடுவதா என்பது வீட்டில் இருப்பவர்களின் முடிவு. ரோமின் நவோனா சதுக்கத்துக்குப் போனால் பாருங்கள், பெஃபானா பொம்மைகள் விளக்குமாற்றோடு கடைகளில் தொங்கும்.