சாராய பாட்டிலில் இருந்த கோமாளி மீன்

ராசிங்காபுரத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டால், பெரிசா ஒண்ணும் இல்லை. ஏலக்காய் மலையைப் பார்த்து வளர்ந்தவன். கடலை முதலில் பார்த்ததே பி.இ. சேர்ந்த பிறகுதான். போன வருஷம் மகள் கேட்டாள்னு ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு கடல் சாமந்தியும் வாங்கினேன். சாமந்தி பத்து நாளில் கரைஞ்சு போச்சு. பெரிய மீன் அடுத்த வாரம், சின்னது அதுக்கடுத்த வாரம். எங்கே தப்பு செஞ்சேன்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் குறிப்பு.

இந்த மீனுக்கு அறிவியல் பேர் வைத்தவர்கள் பலரும் அதைச் செத்த பிறகுதான் பார்த்தார்கள். லின்னேயஸ் 1758-லேயே ஒரு கோமாளி மீன் இனத்தைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். நம் கரையில் கிடைக்கும் சீபே இனத்துக்கு 1853-ல் பெயரிட்ட பிளீக்கர், பத்தேவியாவில் டச்சு ராணுவ மருத்துவர். சீபா என்பது ஆம்ஸ்டர்டாமில் மருந்துக்கடை நடத்தி, உலகத்து உயிரினங்களை எல்லாம் சேகரித்து வைத்தவரின் பெயர். நடுவில் 1830 வாக்கில் இலங்கை மீன்களை வண்ணப் படங்களோடு புத்தகம் போட்ட பென்னெட், கிளார்க்கி இனத்தை விவரித்தார். சாராயத்தில் ஊறிய மீனைப் பார்த்து வரிகளை எண்ணலாம், முள்ளை எண்ணலாம். அது எங்கே குடியிருந்ததுன்னு பாட்டில் சொல்லாது.

அந்தச் செய்தி ஐரோப்பிய ஏட்டில் வந்தது 1868-ல். தென்சீனக் கடலில் பயணித்த காலிங்வுட், ராட்சத சாமந்திக்குள் மீன் வாழ்வதை எழுதினார். லின்னேயஸிலிருந்து 110 வருஷம்! கீழக்கரை, தூத்துக்குடி பக்கம் முத்தும் சங்கும் குளித்தவர்கள் அதற்கு முன்பே பார்க்காமலா இருந்திருப்பார்கள்? நான் நம்ப மாட்டேன். ஆனால் அவர்களிடம் ஏடு இல்லையே.

சாமந்தியின் கொட்டும் நுனி மற்ற மீன்களைச் செயலிழக்க வைக்கும்; இதை மட்டும் ஏன் விடுகிறது? 1958-ல் டேவன்போர்ட்டும் நாரிஸும் மீனின் மேல்பூச்சுச் சளியைக் கை காட்டினார்கள். புது சாமந்தியிடம் மீன் ஒரேயடியாகப் பாயாது. வாலால் தொட்டு, விலகி, மறுபடி தொட்டு, மெல்லப் பழகும்.

1977-ல் ஃபிரிக்கே தம்பதியர் நேச்சர் இதழில் எழுதியது இன்னும் விசித்திரம். கூட்டத்தில் பெரியதுதான் பெண், அடுத்தது ஆண், மீதி எல்லாம் காத்திருப்பவை. பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். இதைப் படித்த அன்றைக்குத்தான் உறைத்தது: என் தொட்டியில் முதலில் போனது பெண். மிச்சம் இருந்த சின்னது இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருந்தால், அதுவே பெண்ணாக ஆகியிருக்கலாம். நீமோ படத்தின் அப்பாவும் நியாயமாக அம்மாவாகியிருக்கணும். மகளிடம் சொன்னேன், நம்பவில்லை.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். ஒரு சாமந்தியை எடுத்தால் அதைச் சுற்றியுள்ள மொத்தக் குடும்பமும் வீடிழக்கும். இதற்கு மாற்றாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அப்பா மீன் முட்டைகளுக்குச் செட்டையால் விசிறிக் காவல் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சு பொரியும். கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர்களை ஊட்டித்தான் அவற்றைப் பிழைக்க வைக்கணும். அப்படி வளர்ந்தவை சாமந்தி இல்லாமலே தொட்டியில் வாழும்.

நான் வாங்கியது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? கடைக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.