நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை

கிருமியைத் தாக்கும் வெள்ளணுக்கள் சொந்த உறுப்புகளைத் தொடாமல் விடும் இயல்பே நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை. இது குலையும்போது முடக்குவாதம், லூபஸ், முதல் வகை நீரிழிவு, வெண்புள்ளி போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் வருகின்றன.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் முதல் வடிகட்டல். கணையத்தின் இன்சுலின் உட்படப் பல உறுப்புகளின் புரதங்களை அங்கேயே உண்டாக்கி, டி-செல்கள் என்னும் இளம் வெள்ளணுக்களிடம் காட்டுகிறது உடல். அவற்றை இறுகப் பற்றும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. தப்பி வெளியே வருபவற்றை ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் அடக்கி வைக்கின்றன. இந்த இரண்டாம் காவலைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காவல் உடைந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்கள் உடம்பிலேயே பார்த்திருக்கிறார்கள். கடலூர், சிதம்பரம் பக்கம் பெரியவர்களிடம் நாய்க்கடி என்று சொன்னால், “தொப்புளைச் சுற்றி 14 ஊசி” என்பார்கள். 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய அந்த வெறிநோய்த் தடுப்பு மருந்தைக் குன்னூர் பாஸ்டர் நிலையமும் தயாரித்தது. வெறிநோய் வைரஸை ஆட்டு மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து ஊசியில் ஏற்றினார்கள். கூடவே ஆட்டின் மயலினும், அதாவது நரம்பிழைகளைப் போர்த்திய உறையின் பொருளும், உள்ளே போனது. அது மனித மயலினை மிகவும் ஒத்தது. மயலினை அடையாளம் காணும் டி-செல்கள் ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் உண்டு; சும்மா கிடக்கும். நாள்தோறும் ஏறிய மூளைக் கரைசல், சிலரிடம் அவற்றை எழுப்பிவிட்டது. ஓரிரு வாரத்தில் கால்கள் தளரும், சிறுநீர் அடைக்கும். சிலர் இறந்தும் போனார்கள். வெறிநோய் கண்டால் சாவு ஏறக்குறைய நிச்சயம் என்பதால், தெரிந்தேதான் மருத்துவர்கள் அதைப் போட்டார்கள்.

1933-இல் தாமஸ் ரிவர்ஸ் நோயற்ற முயலின் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றி, அதே பாதிப்பை உண்டாக்கினார். குற்றவாளி வைரஸ் அல்ல, மூளைத் திசுவே என்று அப்போது புலப்பட்டது. ஆனாலும் இந்தியாவில் அந்த மருந்து 2004 வரை தொடர்ந்தது. இன்று போடப்படுவது செல் வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசி: மேற்கையில் நான்கைந்து தவணை, மூளைத் திசு துளியும் கிடையாது.