பாரமும் பற்றும்

நீரில் இட்ட கல் அமிழும், கட்டை மிதக்கும். உருகிக் கிடந்த ஆதிப் பூமியிலும் இவ்விதியே ஆட்சி செலுத்தியது என எண்ணுவது இயல்பு. இரும்பு நடுவில் தங்கிற்று, பாறை மேலே நின்றது என்ற அளவில் அவ்வெண்ணம் பிழையன்று. ஆனால், தங்கத்தின் அணுவிலும் யுரேனியத்தின் அணு பாரமானது. அங்ஙனமிருந்தும், நம் காலடியிலுள்ள மேலோட்டில் தங்கத்திலும் யுரேனியம் பல நூறு மடங்கு மிகுதியாக உள்ளது. பூமியின் மூலப்பொருளை ஒத்த விண்கற்களிலோ தங்கமே பத்து மடங்குக்கு மேல் அதிகம். பாரம் ஒன்றே காரணமாயின், யுரேனியமன்றோ முதலில் அமிழ்ந்திருக்க வேண்டும்?

இதற்கு விடை வகுத்தவர் விக்டர் மோரிட்ஸ் கோல்ட்ஷிமித் என்னும் அறிஞர். 1888இல் சூரிச் நகரிற் பிறந்த இவர், இரசாயனப் பேராசிரியரான தந்தையுடன் 1901இல் நோர்வே சேர்ந்தார்; 26 வயதில் தாமும் பேராசிரியரானார். ஜேர்மனியின் மான்ஸ்பெல்ட் என்னுமிடத்திலே செப்புக்கல்லை உருக்கும் உலைகள் இருந்தன. அவ்வுலைகளில் உருகிய பொருள் அடியில் உலோகம், நடுவிற் கந்தகச் சேர்வை, மேலே கற்கசடு என மூன்றாய்ப் பிரியும். விண்கற்களிலும் இம்மூன்றே காணப்படுகின்றன. உலையிற் கண்டதைப் பூமி முழுவதற்கும் பொருத்திப் பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது.

1923 முதல் வெளியிட்ட ஆய்வுத் தொடரில் மூலகங்களை அவர் நான்கு குலங்களாக வகுத்தார்: இரும்பை நாடுவன, கந்தகத்தை நாடுவன, ஒட்சிசனோடு கூடிக் கல்லாவன, வளியாய் உலவுவன. ஆதிப் பூமியில் இருந்த ஒட்சிசன் எல்லா மூலகங்களுக்கும் போதியதாக இல்லை. மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவை பந்தியில் முந்திக்கொண்டன. இரும்பிற் பெரும்பகுதி வெறுங்கையுடன் உலோகமாகவே நின்றது. அந்த உலோகக் குழம்பைக் கீழே இழுத்தது பாரம். அதில் எவை கரைந்து உடன் செல்வது என்பதைத் தீர்த்ததோ இரசாயனப் பற்று. தங்கம் இரும்புடன் ஆழம் சென்றது. யுரேனியம் ஒட்சிசனைப் பற்றிக்கொண்டு பாறையிலே தங்கிவிட்டது.

இத்தகைய அறிஞரையும் அக்கால அரசியல் விட்டுவைக்கவில்லை. 1929இல் ஜேர்மனியின் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், யூதராதலின், நாஸிகளின் பகைமை பொறாது 1935இல் பதவி துறந்து நோர்வே மீண்டார். போர் அங்கும் தொடர்ந்து வந்தது. 1942 நவம்பர் 26ஆம் நாள், ஒஸ்லோத் துறைமுகத்திலே ஐந்நூறுக்கு மேற்பட்ட யூதர்களை ஏற்றிச்செல்ல ஒரு கப்பல் நின்றது. அவர்கள் சேரவேண்டிய இடம் அவுஷ்விட்ஸ் கொலைமுகாம். அத்துறையில் நின்ற கோல்ட்ஷிமித், அவரது அறிவு நாட்டுக்குத் தேவை என்ற காரணத்தால் இறுதி வேளையில் விடுவிக்கப்பட்டார். கப்பலேறியோருள் உயிருடன் திரும்பியோர் மிகச் சிலரே. அவர் சுவீடனுக்குத் தப்பி, பின் பிரித்தானியாவை அடைந்து, அங்கே மண்ணாராய்ச்சியில் ஈடுபட்டார். உடல் நலிந்து 1947இல் ஒஸ்லோவிற் காலமானார். முற்றுப்பெறாதிருந்த அவரது பெருநூல் 1954இலேயே அச்சேறியது.

அவர் வகுத்த பிரிவு பிற்காலத்தில் ஒரு கடிகாரமாகவும் பயன்பட்டது. ஹாபினியம் கல்லை நாடுவது. தங்குதன் இரும்பை நாடுவது. ஹாபினியத்தின் ஒரு வகை அணு, ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளில் பாதியளவு சிதைந்து ஈற்றில் தங்குதனாக மாறும். 2002இல் இவ்விரண்டையும் அளந்தோர், பூமியின் இரும்புக் கரு, சூரிய குடும்பம் தோன்றி ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுள் பெரும்பாலும் உருவாகிவிட்டது எனக் கணித்தனர்.

ஆயினும், ஒரு மூலகத்தின் குலம் எவ்விடத்தும் மாறாதது என்று கொள்ளுதல் கூடாது. புதன் கோளை 2011 முதல் 2015 வரை சுற்றிய மெசெஞ்சர் விண்கலம், அதன் மேற்பரப்பில் இரும்பு மிகக் குறைவாகவும் கந்தகம் பூமியின் பாறைகளிலும் பன்மடங்கு மிகுதியாகவும் இருப்பதைக் கண்டது. புதன் உருவான சூழலில் ஒட்சிசன் மிக அரிது. ஆகவே அங்கே இரும்பு ஏறக்குறைய முழுவதும் கோளின் நடுவிலே குவிந்தது. பூமியில் இரும்போடு உறவாடும் கந்தகமோ, அங்கு மக்னீசியத்தையும் கல்சியத்தையும் துணைக்கொண்டு பாறையிலே குடிபுகுந்தது.