விலை சரிந்த டீசல் வண்டிகள்

2015 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18 ஆம் நாள், அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஜெர்மனியின் போக்ஸ்வாகன் நிறுவனத்தார் அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்கள் சட்டத்துக்கு மாறானவை என்பது அதன் சாரம். அன்று காலையில் அக்கார்கள் எவ்வாறு ஓடினவோ, அவ்வாறே மாலையிலும் ஓடின. எஞ்சினில் ஒரு திருகாணியும் கழன்றுவிடவில்லை, மேற்பூச்சு மங்கிவிடவில்லை, ஒரு காலன் எண்ணெய்க்கு அவை செல்லும் தொலைவும் குறையவில்லை. ஆயினும் அவற்றின் விலை சரியத் தொடங்கிற்று. பொருள் மாறாதிருக்க, விலை மட்டும் மாறியது ஏன்? அதனால் விளைந்த நட்டத்தை யார் சுமந்தனர்?

டீசல் வண்டிக்கு முன்னர் இருந்த மதிப்பை அறிந்தால்தான் இவ்வீழ்ச்சியின் ஆழம் விளங்கும். ருடால்ப் டீசல் என்னும் பொறியியலாளர் ஆக்கிய எஞ்சின், 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் செம்மையாக இயங்கிக் காட்டிற்று. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகின்றது. டீசல் எஞ்சினிலோ, இறுக அழுத்தப்பட்ட காற்றின் வெம்மையே அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. அதனால் எரிபொருள் மிச்சமாகும். கப்பலிலும் லாரியிலும் உழைத்த இந்த எஞ்சின், 1936 இல் மெர்ஸிடிஸ்-பென்ஸ் 260 டி என்னும் வண்டியின் வாயிலாகக் காருக்குள்ளும் புகுந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய அரசுகள் பலவும் வரிச்சலுகை தந்து அதனை வளர்த்தன. ஜெர்மனியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 65 சென்ட் வரி என்றால், டீசலுக்கு 47 சென்ட்தான். 2015 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை டீசல் கார்களே. வாங்கும்போது விலை கூடுதல். ஆனால் நெடுந்தொலைவு ஓடினாலும் தளராது என்னும் பெயரால், விற்கும்போது அக்கூடுதற் பணத்தில் பெரும்பகுதி கைக்குத் திரும்பிவிடும். குடும்பங்கள் பலவும் போட்டிருந்த கணக்கு இதுவே.

டீசலுக்கு ஒரு குறையும் உண்டு. அதன் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மிகுதி. அவை நுரையீரலுக்குக் கேடு செய்வன. அமெரிக்கச் சட்டம் இவற்றுக்குக் கடுமையான வரம்பு விதித்திருந்தது. அந்த வரம்புக்கு உட்பட்ட தூய டீசல் என்று விளம்பரம் செய்தே போக்ஸ்வாகன் அங்கே கார்களை விற்றது.

உண்மை வெளிப்பட்ட விதம் சுவையானது. தூய போக்குவரத்துக்கான உலக அமைப்பொன்று, அமெரிக்காவில் ஓடும் டீசல் கார்கள் ஐரோப்பியக் கார்களைவிடத் தூயவை என மெய்ப்பிக்க விரும்பி, மேற்கு வர்ஜினியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமர்த்தியது. அக்குழுவினர் அளவைக் கருவியைக் காரின் பின்புறத்தில் ஏற்றி, ஒரு பஸாட் காரைக் கலிபோர்னியாவிலிருந்து ஸியாட்டில் வரை ஓட்டிச் சென்று திரும்பினர். பஸாட் கார் வரம்பைப்போல் 5 முதல் 20 மடங்கும், ஜெட்டா என்னும் கார் 15 முதல் 35 மடங்கும் நச்சு வாயுவைக் கக்கின. இம்முடிவு 2014 இல் வெளியாயிற்று. நற்சான்று வழங்கப் புறப்பட்ட ஆராய்ச்சி குற்றச்சாட்டாய் முடிந்தது!

சூழ்ச்சி இதுதான்: சோதனைச் சாலையில் கார் உருளைகளின்மேல் நிற்கும், சக்கரம் சுழலும், ஆனால் திசைதிருப்பும் வளையம் அசையாது. அதையும் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் கண்டு, தான் சோதிக்கப்படுவதை வண்டியினுள் இருந்த கணிப்பொறி நிரல் உணர்ந்துகொள்ளும். உடனே நச்சுப்புகையை அடக்கும். சாலைக்கு வந்ததும் அவ்வடக்கம் தளர்ந்துவிடும். உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்நிரல் இருந்ததென நிறுவனமே ஒப்புக்கொண்டது. தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் ஒரு வாரத்திற்குள் பதவி விலகினார்.

இங்கே பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாப் 1970 இல் எழுதிய கட்டுரையை நினைவுகூர்தல் பொருந்தும். பழைய காரின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஐயத்தால் வாங்குபவர் விலையைக் குறைக்கிறார். அவ்விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மறுத்துச் சந்தையைவிட்டு விலகுகிறார். 2001 இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர்களுள் இவரும் ஒருவர். ஆனால் டீசல் கார்களின் செய்தியில் ஒரு புதுமை உண்டு. விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். செய்தவர் மட்டுமே அறிவார். சந்தையில் ஐயம் பிறந்தபோதோ, அதன் விலையைக் கொடுக்கவேண்டியவர், அன்று வண்டியை வைத்திருந்த குற்றமற்றவரே.

அமெரிக்கா இந்த அநீதியை ஒரு துணிவான வழியால் தீர்த்தது. 2016 அக்டோபரில் நீதிபதி சார்ல்ஸ் பிரெயர் ஏறத்தாழ 1,470 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டை ஏற்றார். ஊழல் வெளிப்படுமுன் 2015 செப்டம்பரில் இருந்த விலையையே காரின் விலையாகக் கொள்ளவேண்டும்; அவ்விலைக்கு நிறுவனம் திரும்ப வாங்கவேண்டும்; அதன்மேலும் குறைந்தது 5,100 டாலர் தரவேண்டும். அஃதாவது, சந்தையின் கடிகாரத்தைச் சட்டம் பின்னோக்கித் திருப்பிற்று. ஊழல் வெளிவந்தபின் அவசரப்பட்டு விற்றுவிட்டவர்க்கும் ஈட்டுத்தொகையில் பாதி கிடைத்தது. கார் தன் எஞ்சினால் ஓடிவந்தால் போதும் என்பதே நிபந்தனையாதலின், கதவையும் இருக்கையையும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க முயன்றவரும் உளர்! 2018 இன் தொடக்கத்தில், திரும்ப வாங்கிய கார்களுள் ஏறத்தாழ 3 லட்சம் கார்கள் 37 இடங்களில் நின்றன. கலிபோர்னியப் பாலைவனத்து விமானத் தளமொன்றும், டிட்ராய்ட் அருகே கைவிடப்பட்ட விளையாட்டரங்கமும் அவற்றுள் அடங்கும்.

தாயகமாகிய ஜெர்மனியில் கதை வேறு. ஏறத்தாழ 24 லட்சம் கார்களை அழைத்து நிரலைத் திருத்தும்படி அரசாங்கம் ஆணையிட்டது. உரிமையாளர் கையில் பணம் எதுவும் வரவில்லை. 2018 பிப்ரவரியில் லைப்ஸிக் நகரிலுள்ள உயர்நிலை நிர்வாக நீதிமன்றம், காற்று மாசுபட்ட நகரங்கள் டீசல் கார்களைத் தடுக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு மே மாதம் ஹாம்பர்க் இரு சாலைகளில் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. 2019 இல் ஸ்டுட்கார்ட் நகரம் பின்பற்றியது. சந்தைக்கு இது இரண்டாம் அடி. தன் ஊருக்குள் நுழைய முடியாத வண்டிக்கு யார் விலை தருவர்? 2015 இல் நூற்றுக்கு 48 ஆக இருந்த புதிய டீசல் கார்களின் பங்கு 2018 இல் 32 ஆயிற்று. சூழ்ச்சி நிரல் இல்லாத கார்களும் பெயர்க்கேட்டில் பங்கு பெற்றன. பழைய வண்டிகள் பல, தடையில்லாத கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்குப் போயின. அங்குள்ளோர் மூச்சுக்கு யார் விலை கணித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகின்றது.

ஜெர்மானியர் பலர் தனித்தனியே வழக்காடினர். 2014 இல் 31,490 யூரோவுக்குப் பழைய ஷாரன் கார் ஒன்றை வாங்கியவரின் வழக்கில், 2020 மே 25 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மை தெரிந்திருந்தால் அவர் அக்காரை வாங்கியே இருக்கமாட்டார். விரும்பாத உடன்படிக்கையில் சிக்கவைத்ததே நட்டம் என்றது நீதிமன்றம். ஆனால் ஓட்டிய தொலைவுக்கு ஈடு கழித்து, 25,616 யூரோவே கிடைத்தது. இக்கணக்கின் கடுமை இரண்டு திங்களில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 2,55,000 கிலோமீட்டர் ஓட்டிய ஒருவர்க்கு, வண்டியின் பயனை முழுதும் நுகர்ந்துவிட்டார் என்று சொல்லி, ஒன்றும் தரப்படவில்லை. உழைத்துப் பிழைக்க நெடுந்தொலைவு ஓட்டியவரே மிகுதியாக இழந்தார். வழக்கு நீளநீளக் கழிவும் வளர்ந்தது. காலம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

பின்னர் 2021 இல் கணிப்பொறிச் சில்லுகளின் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் அருகியபோது, பழைய கார்களின் விலை பொதுவாக ஏறிற்று. முன்பு பழிக்கப்பட்ட டீசல் வண்டிகளுக்கும் வாங்குவோர் வந்தனர்.

2023 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் புதிய வழியொன்றைத் திறந்தது. அதனைத் தொடர்ந்து ஜூன் 26 அன்று ஜெர்மானிய உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் திட்டமிட்டு ஏமாற்றாமல் கவனக்குறைவாக இருந்திருந்தாலும், காரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு விலைக்குறைவுக்கு மட்டும் ஈடு கேட்கலாம் என்றது. அவ்வீடு, கொடுத்த விலையில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இருக்கவேண்டும். எந்தக் காருக்கு எவ்வளவு என்பதை, வண்டி மதிப்பீட்டாளரை அழைக்காமல் நீதிபதியே கணிக்கலாம் என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று.